இரவு இறுகினதா?

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ, கனடா
23.02.1997

அன்பு மகன் றொய்சனுக்கு அம்மா எழுதுவது.

மாதாவின் தயவால் எழும்பி நடக்கிறேன், வேலைக்குப் போய் வருகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கையால் எழுதினால்தான் மனம் ஆறும். முழங்கால் நோவு இந்த முறை குளிருக்குக் கூடத்தான். ஹோட்டல் சலவை அறையில் நிற்கும்போது தெரியாது, பஸ்ஸுக்கு நிற்கும்போது தெரியும்.

மகன், ஒன்று கேட்கவேண்டும். நேற்று கீழ்மாடிக் கிளடிஸ் பேப்பரோடு வந்தாள். "அக்கா, உங்கட பெடியன் இருக்கிற பக்கத்து மலையில பனி சரிஞ்சு இரண்டு பேரை மூடிப்போட்டுதாம். றொய்சன் றோட்டு வேலைதானே செய்யிறான்?" என்று கேட்டாள். ஓம், றோட்டில் பனி தள்ளுகிறான் என்றேன். அவள் பேப்பரை விரித்துக் காட்டினாள். படத்தில் ஒரு பெடியன் மலைச்சரிவில் குழி வெட்டிக்கொண்டு நிற்கிறான். முகம் உன்னுடையது இல்லை. போட்டிருக்கிற சிவப்புச் சட்டை, நீ நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பின படத்தில் போட்டிருந்த அதே சட்டை.

நீ என்ன வேலை செய்கிறாய்?

ரெலிபோன் அடித்துச் சொல்லலாம் என்று நினைக்காதே. நான் அதை எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். காயிதம் எழுது.

மார்ச் ஒன்பதாம் திகதி அப்பாவின் ஆறாம் ஆண்டுப் பூசை. கோயிலில் யேசுரட்ணம் என்று அவர் பேரைக் கொடுத்துவிட்டேன். நீயும் அங்கே ஒரு செபம் சொல்லு.

தலைக்குத் தொப்பி போடு.

அம்மா


மலை முகாம், பிரிட்டிஷ் கொலம்பியா
04.03.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். முழங்காலுக்கு நான் வாங்கித் தந்த எண்ணெயைப் பூசுகிறீர்களா, அல்லது பத்திரமாக அலுமாரியில் வைத்திருக்கிறீர்களா?

சொல்லாமல் விட்டது என் பிழை. போன வருடம் பனி தள்ளத்தான் வந்தேன். இந்த வருடம் பனியைப் பார்த்துச் சொல்லுகிற பிரிவுக்கு எடுத்தார்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவே பெரிய வீதி. எந்தச் சரிவு எப்போது விழும் என்று முன்கூட்டியே பார்த்து வீதியைப் பூட்டச் சொல்லுவதுதான் எங்கள் வேலை.

பேப்பரில் பார்த்த குழி அதற்குத்தான். பனி ஒரே நாளில் விழுந்தது இல்லை, அடுக்கு அடுக்காகக் கிடக்கும். குழி வெட்டி, ஒரு தூணளவு பனியைத் தனியாக அறுத்து, அதன் தலையில் பனி அள்ளுகிற சவலை வைத்துக் கையால் தட்டுவோம். மணிக்கட்டை ஆட்டிப் பத்துத் தட்டு, முழங்கையை ஆட்டிப் பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் அடுக்கு வழுக்கி வெளியே வருகிறது என்று எழுதவேண்டும். கெதியாக வழுக்கினால் அந்தப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது.

செத்த இருவரும் மலையில் சறுக்கி விளையாடப் போனவர்கள், எங்கள் ஆட்கள் இல்லை. நீங்கள் பயப்படவேண்டாம். பயப்படுவதற்கு எங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அப்பாவுக்குச் செபம் சொல்லுகிறேன்.

மகன் றொய்சன்


வெக்ஸ்போர்ட்
12.03.1997

அன்பு மகனுக்கு,

உன் காயிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மெல்லத்தான் வாசிப்பேன். அதனால் ஒரு சொல்லும் தப்பாது.

"நான் சுகம்" என்று தொடங்கியிருக்கிறாய். அந்தச் சொல்லைக் கண்டதும் காயிதத்தை ஒருதரம் கீழே வைத்துவிட்டேன். கோவிக்காதே. உன் சித்தப்பா மன்னாரிலிருந்து "அண்ணை சுகம்" என்று எழுதின காயிதம் ஐந்தும் பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கிறது. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதது மார்ச் மாதம். எனக்கு ரெலிபோனில் சொன்னது ஓகஸ்ட் மாதம். தூர தேசத்தில் தனிய நிற்கிறாள், தாங்கமாட்டாள் என்று எல்லாரும் சேர்ந்து மறைத்தார்கள். நல்ல மனதோடுதான் மறைத்தார்கள். அந்த ஐந்து மாதமும் நான் இல்லாத மனிசனுக்குக் காயிதம் எழுதினேன். இருமலுக்கு மருந்து எடுங்கோ என்று எழுதினேன். நீதான் கொண்டுபோய்ப் போட்டாய்.

ஆனபடியால் எனக்கு எழுதும்போது முதல் வரியில் சுகத்தை எழுதாதே. இந்த வேலையில் எது மிச்சம் பயமோ அதை முதலில் எழுது. கிளடிஸின் மகன் பள்ளிக்கூடத்துப் புத்தகம் பார்த்துச் சொன்னான், வெயில் காலம் தொடங்கும்போது இரவில் பனி உறைந்து இறுகாவிட்டால்தான் ஆபத்தாம். அப்படியென்றால் இரவு இறுகினதா இல்லையா என்று முதல் வரியில் எழுது. அளவையும் எழுது. சுகம் பிறகு வரட்டும்.

உனக்குக் கிட்டின ஊரின் பேரை ரீவியில் கிளடிஸ் காட்டித் தந்திருக்கிறாள். இங்கிலிசில் அந்தப் பேர் மட்டும் எனக்குத் தெரியும். இலக்கத்துக்கு முன்னால் சின்னக் கோடு இருந்தால் மைனஸ், நல்லது. பொய் எழுதினால் பிடிப்பேன்.

பூசைக்கு ஒன்பது பேர் வந்தார்கள்.

அம்மா


மலை முகாம்
20.03.1997

இரவு இறுகியது. மைனஸ் ஒன்பது.

அன்புள்ள அம்மாவுக்கு,

இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்: சுகம்.

என்னோடு வேலை செய்கிறவர் டெரிக். நான் கடிதத்தின் தலையில் இலக்கம் எழுதுவதைப் பார்த்து, "உன் அம்மாவுக்கும் எங்கள் கந்தோரில் சம்பளமா?" என்று கேட்டார். நல்ல மனிதர். மனைவிக்கு ஏப்ரலில் பிள்ளை பிறக்கப்போகிறது. நான் பார்த்துச் சொல்லாமல் எந்தச் சரிவுக்குக் கீழும் அவர் இறங்குவதில்லை.

நீங்கள் கேட்டது சரிதான். இனிக் குளிர்காலக் கணக்கு இல்லை. இரவு வானம் வெளித்திருந்தால் பனி நன்றாக இறுகும், மேலே கெட்டியாக ஓடு பிடிக்கும். காலையில் மேல் ஓட்டில் ஏறி நடக்கலாம். வெயில் ஏற ஓடு இளகும், தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு சரிவிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வரும். அதைக் கண்டபிறகு பூட்டினால் பிந்திவிட்டது. அதற்கு முன்னமே பூட்டவேண்டும். அன்றைக்கு எத்தனை மணிவரை வீதி திறந்திருக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நான்.

இரவு மேகம் மூடி மப்பாக இருந்தால்தான் கரைச்சல். ஓடு மெல்லிசாகப் பிடித்திருக்கும். பார்க்க இறுகின மாதிரியே இருக்கும். காலை வைத்தால் முழங்கால்வரை போகும், உள்ளே எல்லாம் ஈரம்.

சாப்பாடு பரவாயில்லை. உங்கள் மீன்குழம்பு இல்லாததுதான் குறை.

மகன் றொய்சன்


வெக்ஸ்போர்ட்
29.03.1997

அன்பு மகனுக்கு,

பெரிய வெள்ளி முடிந்து, நாளைக்குப் பாஸ்கா. உனக்கு என் முத்தங்கள். இங்கே ஸ்னோ உருகி றோட்டெல்லாம் தண்ணீர். சனம் கோட்டைக் கழற்றிப்போட்டுச் சிரித்துக்கொண்டு திரியுது. எனக்குக் கூரையால் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டால் சோறு இறங்குதில்லை. இங்கே உருகினால் அங்கேயும் உருகும்தானே.

கோயிலில் மெழுகுதிரி கொளுத்திக் குளிர் வேண்டும் என்று மன்றாடினேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல. "ஊர் முழுக்க வெய்யில் கேக்குது, உங்களுக்கு என்னக்கா விசரா?" என்று கிளடிஸ் கேட்டாள். ஓம், விசர்தான் என்றேன்.

உன் காயிதத்தில் ஒரு இடத்தில் என் மனம் நின்றுவிட்டது. தாளில் மணி எழுதிக் கொடுப்பது நீ என்கிறாய். மகன், ஆட்களின் முகத்துக்கு முன்னால் இல்லை என்று சொல்ல உனக்குச் சின்னனிலிருந்தே வராது. பிக்கரிங்கில் வேரோனிக்கா வீட்டில் வயிறு முட்டின பிறகும் "இன்னும் வையுங்கோ அன்ரி" என்று வாங்கித் தின்றுவிட்டு, அவளுடைய புதுக் கார்ப்பெற்றில் சத்தி எடுத்தவன் நீ. அவளுக்கு மனம் நோகும் என்று தின்றாய். கடைசியில் அவளுக்குக் கார்ப்பெற்றும் போச்சு.

அந்தத் தாளை எழுதும்போது மட்டும் ஒருவரின் முகத்தையும் பாராதே.

அம்மா


மலை முகாம்
05.04.1997

இரவு இறுகவில்லை. பிளஸ் இரண்டு. மப்பு.

அன்புள்ள அம்மாவுக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். சுகமாக இருக்கிறேன், நித்திரைதான் குறைவு. மூன்று நாளாக வெப்பம் இறங்கவில்லை. நேற்று இரண்டு முறை பூட்டினோம். லொறிக்காரர் வரிசையில் நின்று பேசுகிறார்கள். மேலாளர் கென்னுக்கு மேலிடத்திலிருந்து கேள்விமேல் கேள்வி. எல்லாரும் என்னுடைய தாளைத்தான் பார்க்கிறார்கள்.

கார்ப்பெற் கதையை டெரிக்குக்குச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

வெளியே கூப்பிடுகிறார்கள். மிச்சம் பிறகு.

மகன் றொய்சன்


வெக்ஸ்போர்ட்
15.04.1997

மகன்,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. "மிச்சம் பிறகு" என்று எழுதினாய், அந்த மிச்சம் வரவில்லை. ரீவியில் உன் ஊருக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு ஆறு நாளாக இல்லை. நாலு, மூன்று, நாலு, ஐந்து, மூன்று, நாலு. ஒரு கடதாசியில் எழுதி வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய் பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது ரெலிபோன் அடித்தது. பதினொரு தரம். நின்றது. திரும்ப அடித்தது. நான் குசினிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்காமல். புதன்கிழமையும் அடித்தது. கிளடிஸ் ஓடிவந்து, "எடுங்கோ அக்கா, இல்லாட்டி நான் எடுக்கிறன்" என்று கத்தினாள். நான் குறுக்கே நின்றேன். எடுக்கவிடவில்லை. நான் எடுக்குமட்டும் நீ இருக்கிறாய். எடுத்தால் என்ன வருமோ தெரியாது.

இது சரியில்லை என்று தெரியும். கால் அந்தப் பக்கம் போகுதில்லை.

ஒரு வரி எழுது. இலக்கம் மட்டும் எழுதினாலும் போதும்.

அம்மா


17.04.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். இங்கு எல்லாரும் சுகம். கடிதம் பிந்தியதற்கு மன்னிக்கவும், வேலை கூட. இப்போது என்னைக் கந்தோர் வேலைக்கு விட்டிருக்கிறார்கள், அதனால் மலைப் பக்கம் போவதில்லை. நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்கவேண்டாம். பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், அதுதான் எழுத்து கோணல். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் றொய்சன்


வெக்ஸ்போர்ட்
23.04.1997

மகன் றொய்சன்,

உன் காயிதம் வந்தது. உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்தது. அதற்குமேல் அதில் ஒரு சொல்லையும் நான் நம்பவில்லை.

இரவு இறுகினதா என்று எழுதவில்லை. எங்கே இருந்து எழுதுகிறாய் என்றும் இல்லை. "எல்லாரும் சுகம்" என்கிறாய். டெரிக்கின் பேரைக் காணவில்லை. பிள்ளை பிறந்ததா என்றும் இல்லை. சித்தப்பாவின் காயிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே சொற்கள், அதே வரிசை.

பஸ்ஸில் எழுதினால் எழுத்து நடுங்கும், கோடு இழுபடும். இது நடுங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, பெரிதாக, பாரமாக இருக்கிறது. இப்படி எழுதுகிற ஆளை எனக்குத் தெரியும். உன்ர எழுத்து என்ர எழுத்து மாதிரி இருக்கு, ராசா. கைக்கு என்ன நடந்தது?

முழுதாகச் சொல்லு. என்னைத் தாங்கமாட்டாள் என்று யாரோ முடிவெடுத்ததைத்தான் நான் ஆறு வருடமாகத் தாங்குகிறேன். நடந்ததைத் தாங்கிவிடுவேன். மறைக்கிறதை இனி ஏலாது.

அம்மா


ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதி
30.04.1997

இரவு இறுகியது. மைனஸ் இரண்டு. எட்டாம் திகதி இறுகவில்லை.

அம்மா,

வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன். வேறு காயம் இல்லை. இது உண்மை.

எட்டாம் திகதி காலை ஆறு மணிக்குச் சரிவுக்குப் போனேன். மேலே மெல்லிய ஓடு. கால் முழங்கால்வரை போனது. உள்ளே கையை விட்டால் தண்ணீர் வழிந்தது. பத்து மணிக்குப் பூட்டவேண்டும் என்று தாளில் எழுதினேன். கென் வாசித்துவிட்டு, "பதினொன்று வரை தாங்குமா?" என்று கேட்டார். கட்டளை இல்லை அம்மா, கேள்விதான். வெளியே லொறிகள் நின்றன. அவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, முகம் வாடிப்போயிருந்தது. நான் "தாங்கும்" என்று சொல்லிப் பத்தை வெட்டிப் பதினொன்று ஆக்கினேன். ஆட்களைப் பயப்படுத்தக்கூடாது, நல்ல மாதிரிச் சொல்லவேண்டும் என்ற எங்கள் வீட்டுப் பழக்கம் பேனையில் வந்துவிட்டது.

பத்து நாற்பதுக்கு டெரிக்கும் நானும் வீதியோரத்து அளவுகோலைப் பார்க்க இறங்கினோம். திறந்திருக்கிறது என்று நான் எழுதியிருந்ததால்தான் அவர் இறங்கினார். சத்தம் பெரிதாக இல்லை. ஈரமான துணிக்குவியல் சரிகிற மாதிரி. என்னை ஓரத்துக்கு அடித்து எறிந்தது. டெரிக்கைக் காணவில்லை. எங்கள் எல்லாருடைய உடம்பிலும் ஒரு சின்னக் கருவி கட்டியிருக்கும், பனியில் மூடப்பட்டால் மற்றவரின் கருவியில் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வைத்துத் தேடினேன். ஈரப்பனி நின்றவுடன் சீமெந்து மாதிரி இறுகிவிடும். இடது கையால் கிண்டினேன். மற்றவர்கள் வந்துசேர்ந்தார்கள். ஒன்பது நிமிடம். எடுக்கும்போது முகம் நீலம். பிறகு மூச்சு விட்டார். விலா எலும்பு நாலு முறிவு. இப்போது எழும்பி இருக்கிறார். பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. அவர் என்னோடு கோபமில்லை என்கிறார். அது எனக்கு இன்னும் கஷ்டம்.

உங்களுக்கு ரெலிபோன் அடித்தது நான்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அப்பா இல்லை என்று எனக்கு ஏப்ரல் மாதமே தெரியும். நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது சித்தப்பா அடித்தார். "நீ ஆம்பிளைப் பிள்ளை, அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். எனக்குப் பதினேழு வயது. நீங்கள் அப்பாவுக்கு எழுதித் தந்த கடிதங்களை நான் தபாலில் போடவில்லை. பள்ளிக்கூடப் பையில் வைத்திருந்தேன். மூன்றை உடைத்து வாசித்தேன். இன்றும் என்னிடம் இருக்கின்றன.

கென் திரும்ப வரச்சொல்லுகிறார். குழியை வேறு ஆள் வெட்டும், நீ பார்த்து மணியை மட்டும் எழுது என்கிறார். மே கடைசிவரை சரிவு இருக்கும். எனக்குப் பேனையைத் தொடப் பயமாக இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்றால் வந்துவிடுகிறேன்.

மகன் றொய்சன்


வெக்ஸ்போர்ட்
07.05.1997

அன்பு மகன் றொய்சனுக்கு அம்மா எழுதுவது.

நேற்று இரவு ரீவியில் உன் ஊருக்குக் கோடு இருந்தது. மைனஸ் ஒன்று. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத இருந்தேன். எனக்குச் சுகமில்லை, நோயும் இல்லை. உன் காயிதம் வந்த நாள் வேலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். டெரிக்கின் பெண்பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னுகிறேன். அவருக்கு என்ன சொல்லுவது என்று எனக்குத் தெரியாது. தொப்பியைக் கொடு.

நீ உன்னுடையதைச் சொன்னாய். நான் என்னுடையதைச் சொல்லுகிறேன். அந்த வருடம் மே மாதம் உன் பையைத் தோய்க்க எடுத்தேன். என் காயிதங்கள் உள்ளே கிடந்தன, முத்திரை ஒட்டினபடி. மற்ற எழுத்தை வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும், என் எழுத்தை வாசிக்க நேரம் எடுக்காது. பையைத் தோய்க்கவில்லை. எடுத்த மாதிரியே திரும்ப வைத்தேன். உனக்குப் பள்ளிக்கூடச் சோதனை நடந்துகொண்டிருந்தது. நீ இரவில் சாப்பாட்டைக் கிண்டிவிட்டு எழும்புகிறதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரிந்தால் நீ உடைந்துபோவாய் என்று நினைத்தேன். நானும் மறைத்தேன், மகன். சித்தப்பாவை இவ்வளவு நாளும் நான் ஏசினது எந்த வாயால் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகும் காயிதம் எழுதித் தந்தேன்தானே. அவை அவருக்கு எழுதினவை இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, தனிய நின்று யோசியாதேங்கோ, நான் இருக்கிறன் என்று எழுதினேன். நீ உடைத்து வாசிப்பாய் என்றுதான் எழுதினேன். மூன்றை வாசித்திருக்கிறாய். மிச்சத்தையும் வாசி.

அவர் இல்லை என்று அறிந்துதான் இருந்தேன். ஆனாலும் ஓகஸ்டில் ரெலிபோனில் காதால் கேட்ட அன்றுதான் அவர் எனக்குச் செத்தார். அதனால்தான் ரெலிபோனைத் தொடப் பயம்.

வேலைக்குத் திரும்பிப் போகிறதா விடுகிறதா என்று என்னைக் கேட்கிறாய். வா என்று எழுதத்தான் கை வருகிறது. இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். நீ வந்தால் அந்தத் தாளை வேறொருவன் எழுதுவான். பத்தைப் பதினொன்று ஆக்கினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். போனால், பத்து என்றால் பத்து என்று எழுது. முகம் வாடினால் வாடட்டும். போக ஏலாது என்றாலும் வந்துவிடு, அதுவும் எனக்கு நல்லது. எதைச் செய்தாலும் எனக்கு நல்ல மாதிரி மாற்றிச் சொல்லாதே.

பதினெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் காலை பத்து மணி, உனக்கு ஏழு. நீ அளவு பார்த்து முடித்திருப்பாய். ரெலிபோன் அடி. கிளடிஸைப் பக்கத்தில் இருக்கச் சொல்லியிருக்கிறேன், கையைப் பிடிக்க. "முதல் தரம் அடிக்கேக்கையே எடுக்கவேணும் அக்கா, பதினொரு தரம் அடிக்க விட ஏலாது" என்று இப்பவே வெருட்டுகிறாள்.

எடுப்பேன். முதல் தரத்திலேயே எடுப்பேன்.

நான் எடுத்ததும் சுகமா என்று கேட்காதே. இரவு இறுகினதா, அதைச் சொல்லு.

அம்மா